பதினேழாம் கணக்கு

தேர்வுக்கு இன்னும் பதினோரு நாள்.
அன்லோகாவில் வெங்காயம் எடுத்து முடிந்த வாரம்.
பாத்திகளில் இப்போது மணலும்
காற்றில் நகரும் தோல் சருகும்தான்.

கானாவில் எங்கே கேட்டாலும் அதற்குப் பெயர் பாஸ்கோ:
பழைய வினாத்தாள்களைச் சேர்த்துத் தைத்த புத்தகம்.
என்னுடையது கேட்டா சந்தையில் பழையதாய் வாங்கியது.
முதுகில் சைக்கிள் டியூப் ஒட்டு.
முதல் பக்கத்தில் பச்சை மையில்: யாய்ரா, 3பி.
விடைகள் கடைசி நாலு பக்கத்தில்.

பதினேழாம் கணக்கு இது.
ஒரு செவ்வக நிலம். சுற்றளவு ஐம்பத்து நான்கு மீட்டர்.
நீளம், அகலத்தின் இருமடங்கைவிட மூன்று மீட்டர் அதிகம்.
பரப்பளவு என்ன?

எனக்கு 152 வந்தது.
புத்தகத்துக்கு 125.

மறுபடி போட்டேன். 152.
எக்ஸ் என்று வைத்ததை ஒய் என்று வைத்தேன்,
பெயர் மாற்றினால் மனசு மாறுமோ என்று.
152.
கரண்ட் போயிற்று.
அம்மாவின் போன் வெளிச்சத்தில்
பதினாலு சதவீத பேட்டரியிலும் 152,
ஒன்பது சதவீதத்திலும் 152.
பிறகு அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

செலோர்முக்கு மட்டும் 125 வந்துவிட்டது.
வகுப்பில் கணக்குப் புலி அவன்.
வழியைக் காட்டு என்றேன். காட்டினான்.
ஏழாம் வரியில் ஒரு மூன்று இருந்தது,
எட்டாம் வரியில் இல்லை.
"மூன்று எங்கேடா?"
"விடை வரணுமில்ல" என்றான்,
புலி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

சனிக்கிழமை விடியலில் டெலாலியும் நானும்
கடற்கரைக்குப் போனோம்.
வலைக்கயிற்றில் ஐம்பத்து நான்கு மீட்டர்
அவள் அக்காவின் தையல் டேப்பால் அளந்தோம்,
ஒன்றரை ஒன்றரையாக, முப்பத்தாறு தடவை.
எட்டு, பத்தொன்பது, எட்டு, பத்தொன்பது:
நாலு மூலைக்கு நாலு குச்சி.
கயிறு தொங்கவுமில்லை, போதாமலுமில்லை.
உள்ளே குதிகாலால் கோடு கிழித்தோம்.
கட்டத்துக்கு ஒரு சிப்பி.

ஆறாவது வரிசையை அலை தின்றது.
திட்டிக்கொண்டே மறுபடி கிழித்தோம்.
வலை இழுக்க வந்தவர்கள்
என்ன விளையாட்டு என்றார்கள்.
தேர்வு என்றோம். சிரித்தபடி சுற்றிக்கொண்டு போனார்கள்,
ஒருவர்கூடக் கோட்டை மிதிக்காமல்.

நூற்று ஐம்பத்திரண்டு சிப்பி.
டெலாலி எண்ணினாள். நான் எண்ணினேன்.
பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணினோம்.

ஐந்தும் இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.
அச்சுக்கூடத்தில் யாருக்கோ தூக்கம் வந்த மதியம்.

வீட்டுக்கு வந்து, ஜன்னலில்
புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் பார்த்தேன்.
பதினேழின் ஓரத்தில், மிக மெல்லிய பென்சிலில், 152.
அதன்மேல் ஒரு கோடு.
பக்கத்தில் அழுத்தி, காகிதம் கிழிய, 125.

அந்தக் கோடுதான் தொண்டையில் சிக்கியது.

ஊரில் யாய்ராக்கள் நிறைய.
முதலாமவள் கேட்டாவில் படித்ததே இல்லை.
இரண்டாமவள் ஐந்து வயது.
மூன்றாமவள் முச்சந்தியில்
மஞ்சள் குடைக்குக் கீழே மொபைல் மணிக் கடை,
நோட்டுகளைப் பார்க்காமலே எண்ணும் விரல்கள்.

"பதினேழாம் கணக்கு, நீங்கள் போட்டதுதான் சரி" என்றேன்.
"எந்தப் பதினேழு?"
பக்கத்தைக் காட்டினேன்.
பார்த்தாள். வரிசையில் மூன்று பேர் நின்றார்கள்.
"வகுப்பில் எல்லாருக்கும் 125 வந்தது" என்றாள்.
"எனக்கு மட்டும் வரவில்லை."
அடுத்த ஆளின் நம்பரைக் கேட்டாள்.

நான் சாலையைக் கடந்து
பாதி தூரம் போயிருப்பேன்.
பின்னாலிருந்து,
டிராட்ரோ வேன்களின் ஹாரனுக்கு மேலே ஏறி ஒரு குரல்:

"ஏய், பொண்ணே!
நீளம் பத்தொன்பதுதானே?"